ஈயக் குண்டும் தையல் எண்ணெயும்

முதல் குண்டே அச்சுக்குள் மாட்டிக்கொண்டது. கைப்பிடியை அழுத்தினேன். பாதி தூரம் இறங்கியது, அப்புறம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுக்கலாமா என்று நான் எழுந்து நின்றபோது, எதிரே உட்கார்ந்திருந்த என் ஓரகத்தி கையை நீட்டித் தடுத்தாள்.

"அக்கா, அழுத்தாதீங்க. உள்ள ஒடைஞ்சுச்சுன்னா எடுக்கிறது பெரிய பாடு."

அவள் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எதைச் சொன்னாலும் அவளுக்கு ஊசி ஞாபகம்தான் வரும். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். எனக்கும் ஊசிதான் பிழைப்பு என்பதால் அவள் சொன்னது உடனே புரிந்தது. கையை எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் அந்த இரும்புச் சாமானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஈயத் துண்டு ஒன்றை வெளியே எடுக்க முடியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

அந்தக் குண்டைப் போட்டுச் சுடுகிற ஏர் ரைபிள் என் மகளுடையது. புதுக்கோட்டையில் காலேஜ் படித்தபோது என்.சி.சி.யில் சேர்ந்து, குறி பார்த்துச் சுடுவதில் ஆசை வந்து, போட்டிகளுக்கெல்லாம் போனாள். காற்றழுத்தத்தில் வேலை செய்கிற துப்பாக்கி. மருந்து கிடையாது, வெடிச் சத்தம் கிடையாது. கைப்பம்பால் காற்று ஏற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரு ஈயக் குண்டை வைத்து, பத்து மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையில் சுட வேண்டும். படிப்பு முடிந்து ஓசூரில் வேலை கிடைத்ததும், ஹாஸ்டலில் இதையெல்லாம் வைக்க விடமாட்டார்கள் என்று எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள்.

"வாரம் ஒரு தடவை துடைச்சு வைங்கம்மா. மாசம் ஒரு தடவை நாலு ரவுண்டு சுட்டுப் பாருங்க, சும்மாவே கெடந்தா உள்ள இருக்கிற ரப்பர் வாசர் காஞ்சு போயிரும்" என்றாள்.

அந்த நாலு ரவுண்டுதான் எங்களைக் கெடுத்தது. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் கத்தாரில் இருக்கிறார்கள். ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு. பின்பக்கம் மாட்டுக்கொட்டகை ஓரமாகப் பத்து மீட்டருக்கு மேல் நேராக இடம் இருந்தது, கடைசியில் கனத்த மண்சுவர். சுவருக்கு முன்னால் மகள் வைத்துவிட்டுப் போன இரும்புப் பெட்டி, அதற்குப் பின்னால் மணல் மூட்டைகள். கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஆட்டை முன்வாசலில் கட்டிவிட்டு, ஒரு சனிக்கிழமை நான் முதல் குண்டைச் சுட்டேன். அட்டையிலேயே படவில்லை. ஓரகத்தி சுட்டாள். கறுப்பு வட்டத்தின் விளிம்பில் ஒரு துளை. அவள் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள். டீ குடித்து முடித்ததும், "இன்னொரு தடவை பார்ப்பமாக்கா?" என்றாள்.

ஆறு மாதத்தில் மகள் வைத்திருந்த வெளிநாட்டு டப்பாக்கள் காலி. திருச்சியில் கிடைத்த உள்ளூர்க் குண்டுகளை வாங்கினோம். அங்கேதான் தொந்தரவு ஆரம்பித்தது. சில குண்டு லூசாக உள்ளே போய்விடும். சில குண்டைக் கட்டை விரலால் அமுக்கித்தான் ஏற்ற வேண்டும். நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்று மட்டும் எங்கேயோ போய்விடும். டப்பாவைத் துணியில் கொட்டி விரலால் உருட்டிப் பார்த்தேன். துணியைத் தொட்டு நூல் எண்ணிக்கை சொல்கிற விரல் இது. ஒரே டப்பாவில் மூன்று அளவு இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மகளிடம் போனில் சொன்னோம். அவள் விளக்கினாள். சரியான அளவில் துளை போட்ட ஓர் எஃகு அச்சுக்குள் ஒவ்வொரு குண்டையும் தள்ளி எடுத்தால், பெருத்தது அந்த அளவுக்கு வந்துவிடுமாம். சிறுத்தது தடையில்லாமல் விழுந்துவிடும், அதைத் தனியாக ஒதுக்கிவிடலாம். வெளிநாட்டில் அதற்கென்று சின்ன யந்திரம் விற்கிறார்கள். குண்டுக்கு முன்னால் தலை, நடுவில் இடுப்பு, பின்னால் விரிந்த பாகம்.

"அந்தப் பின்பக்கத்துக்குப் பேரே பாவாடைதாம்மா. அது நசுங்காம பாத்துக்கணும்."

"பாவாடையா? அப்ப அதை நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

அரிமளத்தில் எங்களுக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். மோட்டார் தண்டு, டிராக்டர் புஷ் எல்லாம் கடைந்து கொடுப்பவர். நாங்கள் இரண்டு பேரும் போய் மகள் அனுப்பிய படத்தைக் காட்டியதும் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"நான் கடையிற சாமானுக்கு முன்னாடி இது கொசு மாதிரில்ல இருக்கு. போலீஸ் கேஸ் ஏதும் வராதுல்லம்மா?"

"இது காத்துத் துப்பாக்கிண்ணே. பில்லு இருக்கு. துப்பாக்கியில நாங்க கையே வைக்கல, குண்டைத்தான் சரி பண்ணப் போறோம்" என்றாள் ஓரகத்தி. பையிலிருந்து பில்லை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தாள். அவர் அதை முழுக்கப் படித்தார். பிறகு ஒரு குண்டை வாங்கி வெர்னியரில் வைத்து அளந்தார். இன்னொன்றை அளந்தார். மூன்றாவதை அளந்தபோது முகம் மாறிவிட்டது.

"ஒண்ணுகூட ஒண்ணு மாதிரி இல்லியே. இதை எப்படி விக்கிறாய்ங்க?" என்றார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தக் கோபம்தான் எங்களுக்கு வேலையை முடித்துக் கொடுத்தது.

பத்து நாளில் செய்து கொடுத்தார். கீழே எஃகு அச்சு, மேலே கைப்பிடி, கைப்பிடியை இறக்கினால் குண்டைத் தள்ளுகிற ஒரு பித்தளைக் கம்பி. பார்க்க ஜூஸ் பிழிகிற சாமான் மாதிரி இருந்தது. அதில்தான் முதல் குண்டே மாட்டிக்கொண்டது.

குரோஷா ஊசியின் பின்பக்கத்தைக் கீழிருந்து கொடுத்து, மெதுவாகத் தட்டித் தட்டி அந்தக் குண்டை வெளியே எடுத்தேன். உடம்பெல்லாம் கீறல். பட்டறைக்காரருக்குப் போன் போட்டோம். மதியமே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"உள்ள பாலிஷ் பத்தலை. என் தப்புதான். குடுங்க, கண்ணாடி மாதிரி பளபளன்னு கொண்டாரேன்."

கொண்டுவந்தார். அதோடு நான் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெயை விரலில் தொட்டுக் குண்டுகளில் புரட்டினேன். இப்போது வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனால் கீழே விழுந்த குண்டைப் பார்த்தால் பாவாடை விளிம்பு ஒரு பக்கம் மடிந்திருந்தது. பத்துக் குண்டு தள்ளினோம். பத்தும் அப்படித்தான்.

ஓரகத்தி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். வீட்டில் கையுறை போட்டுக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்வாள். ஈயம் ஆகாது என்று எனக்கும் ஒரு ஜோடி கொடுத்திருந்தாள். அந்த மேஜையில் டீ கிளாஸ்கூட வைக்கக் கூடாது. முடித்த பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவ வேண்டும், அவள் நின்று பார்ப்பாள்.

"கம்பி முனை தட்டையா இருக்குக்கா. அது விளிம்புல உட்கார்ந்து அமுக்குது. பாவாடைக்குள்ள போயி, உள்பக்கத்துல இருந்துல்ல தள்ளணும்" என்றாள்.

அது நான் கண்டுபிடித்திருக்க வேண்டியது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பட்டறைக்காரர் கம்பி முனையைச் சிறுசாக்கிக் கொண்டுவந்தார். ரொம்பச் சிறுசாகிவிட்டது, குண்டின் தலைக்கு உள்பக்கம் பள்ளம் விழுந்தது. மறுபடி கொண்டு போனார். மூன்றாம் தடவை முனையை உருண்டையாக மழுக்கிக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் கிளம்பவே இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, விழுகிற ஒவ்வொரு குண்டையும் வெர்னியரில் அளந்தார்.

"சரியா இருக்கு", "சரியா இருக்கு" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். இருபத்தி நாலாவது குண்டில் நிறுத்தினார். "இது ஒரு பக்கம் வழிச்சிருக்கு."

அந்த அச்சைப் பலகையில் திருகாணி போட்டு முடுக்கியிருந்தோம். அழுத்த அழுத்தப் பலகை ஆடி, அச்சு சாய்ந்துவிட்டது. எனக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். மெஷின் ஆடினால் தையல் கோணும். ஓட்டாமல் மூலையில் கிடந்த என் பழைய மெஷினின் இரும்பு ஸ்டாண்டை இழுத்துப் போட்டோம். மெஷின் உட்கார்ந்திருந்த ஓட்டைகளிலேயே பட்டறைக்காரர் போல்ட் போட்டு முடுக்கினார். கையால் ஆட்டிப் பார்த்தார். நானும் ஆட்டிப் பார்த்தேன். ஓரகத்தி இடுப்பால் ஓர் இடி இடித்துப் பார்த்தாள். அசையவில்லை.

அந்த வாரம் இருநூறு குண்டு சரிசெய்தோம். நல்லதை ஒரு டப்பாவில், சிறுத்ததை இன்னொரு டப்பாவில் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் கொல்லைக்குப் போனோம். பட்டறைக்காரரும் வந்து மணல் மூட்டைக்கு எதிர்ப்பக்கம், எங்களுக்குப் பின்னால் தள்ளி நின்றார்.

ஓரகத்தி ஐந்து குண்டு சுட்டாள். ஐந்தும் ஐந்து ஊருக்குப் போயிருந்தது. நான் சுட்டேன். இன்னும் மோசம். முன்பு ஒரு கைக்குட்டை மடிப்புக்குள் அடங்கிக்கொண்டிருந்த துளைகள் இப்போது அட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

பட்டறைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அளவு சரியாத்தாங்க இருந்துச்சு. நானே அளந்தேன்."

"அளவைச் சொல்லலண்ணே" என்றாள் ஓரகத்தி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க மூச்சை விட்டுட்டுச் சுட்டீங்களா, பிடிச்சுக்கிட்டுச் சுட்டீங்களா?"

"ஏன், ஒன்னோடது மட்டும் நேரா போச்சாக்கும்?"

கொஞ்சம் சூடாகத்தான் கேட்டுவிட்டேன். அவள் போய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். துளைகளைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் இருந்தது. தடவிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு அட்டையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். என் மெஷின் எண்ணெய் வாசம்.

புதிதாக எண்ணெய் போட்ட மெஷினில் நல்ல துணியை யாரும் வைக்க மாட்டார்கள். முதலில் கழிவுத் துணியில் ஓட்டி, எண்ணெய் இறங்கிய பிறகுதான் பட்டுத் துணியை வைப்பேன். இருபது வருஷமாக அப்படிச் செய்கிறவள், குண்டு நன்றாக வழுக்கட்டும் என்று ஒரு சொட்டில் ஆரம்பித்து, அந்த வாரம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் புரட்டியிருந்தேன். அத்தனை எண்ணெயும் குழலுக்குள் போய்ப் படிந்து, ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் கிளம்பியிருந்தது.

"தப்பு என்னோடதுதான். எண்ணெய் நான்தான் ஊத்துனேன்" என்றேன்.

பட்டறைக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டதைக் கேட்டு மூன்று பேரும் சிரித்துவிட்டோம். மகளிடம் போனில் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. காற்றழுத்தத் துப்பாக்கிக்குள் எண்ணெய் போவது ஆபத்து என்று கால் மணி நேரம் திட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். ஓரகத்தி பக்கத்தில் நின்று, ஸ்பீக்கரில் போடுங்கக்கா என்று ஜாடை காட்டினாள்.

குழலைத் துடைக்கிற பஞ்சுத் திரியை வரிசையாக விட்டு, கறுப்பும் எண்ணெயும் வருவது நிற்கிறவரை துடைத்தோம். குண்டுகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியில் பரப்பி நிழலில் உலர்த்தினோம். எண்ணெயை விரல் நுனியில் பட்டும் படாமலும் தொட்டு, அச்சின் வாயில் மட்டும் தடவினால் போதும் என்று முடிவானது. அளவெடுத்த பிறகும் ஒரு தடவை அலசிவிடுவோம்.

அடுத்த ஞாயிறு ஓரகத்தி சுட்ட ஐந்து துளைகளை என் ஜாக்கெட் பட்டன் ஒன்றை வைத்து மூட முடிந்தது. நான் சுட்டதற்குக் கோட்டு பட்டன் தேவைப்பட்டது. அதுவே எனக்குப் பெரிசு. பட்டறைக்காரர் இரண்டு அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய் லேத்துக்கு மேலே ஒட்டி வைத்தார்.

மகள்தான் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். எங்களைக் கேட்கவே இல்லை. புதுக்கோட்டையில் மாவட்ட அளவில் ஒரு போட்டி, பெண்கள் பிரிவில் வயது வரம்பு இல்லை. துப்பாக்கி ஒன்றுதான் என்பதால் எனக்கு முதல் சுற்றிலும் ஓரகத்திக்கு இரண்டாம் சுற்றிலும் இடம் கேட்டு வாங்கியிருந்தாள். போட்டியன்று காலை பஸ்ஸில் நீளப் பையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு போனோம். கண்டக்டர் வீணையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள் ஓரகத்தி. இறங்குகிறவரை அவர் எங்களை மரியாதையாகவே பார்த்தார்.

குண்டுகளை என் பட்டன் பெட்டியில் கொண்டு போயிருந்தோம். அறை அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் பெட்டி. ஓர் அறைக்குப் பத்து. சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள், தோல் ஜாக்கெட், விறைத்த பேன்ட், ஒரு கண்ணுக்கு மறைப்பு. நாங்கள் சுடிதாருக்கு மேல் என்னிடம் தைத்த கனத்த கேன்வாஸ் கோட்டு போட்டிருந்தோம். முழங்கை இரண்டுக்கும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தேன். ஒரு பெண் வந்து தொட்டுப் பார்த்து, "எங்க வாங்குனீங்கம்மா?" என்றாள். நான் தைத்தது என்றதும் அதே மாதிரி கோட்டுக்கு அளவு கொடுக்க எப்போது வரலாம் என்று நம்பர் வாங்கிக்கொண்டாள்.

என் சுற்றில் அவசரப்பட்டுச் சுட்டேன். முதல் பத்தும் ஓர வட்டங்களில் போய் வீண். அப்புறம் சமாளித்தேன். நாற்பது குண்டு முடித்துத் திரும்பியபோது முதுகெல்லாம் வேர்வை, ஆனால் ஒன்றுகூட அட்டைக்கு வெளியே போகவில்லை.

ஓரகத்தி சுட ஆரம்பித்தபோது பின்னால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். பட்டறைக்காரர் அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டையில் வந்து சேர்ந்தார். அவள் ஊசி போடுகிற மாதிரியே சுட்டாள். வைப்பாள், பார்ப்பாள், முடிந்தது. பாதிக்கு மேல் தாண்டியபோது கையில் இருந்து ஒரு குண்டு தவறித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து அதையே வைத்துவிட்டாள். விழுந்ததில் பாவாடை நசுங்கியிருக்க வேண்டும். துப்பாக்கியில் குண்டு வைக்கிற வாய் மூடவில்லை.

அவள் அழுத்தவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்து, அட்டைப் பக்கமே முனை இருக்க, கையைத் தூக்கினாள். நடுவர் வந்தார். என்ன என்று கேட்டார். சொன்னாள். சுவர்க் கடிகாரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் என் காதில், "அச்சுல தப்பு இருக்காதும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். நடுவர் குழலுக்குள் ஒரு கம்பியைக் கொடுத்து அந்தக் குண்டை வெளியே தள்ளினார். ஓரகத்தி அதை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கைகளைக் கோட்டில் துடைத்தாள். அரை நிமிடம் கண்ணை மூடி நின்றாள். பிறகு பெட்டியிலிருந்து அடுத்த குண்டை எடுத்தாள்.

அதற்குப் பிறகு சுட்டதெல்லாம் நடு வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் நாற்பதாவதையும் முடித்துவிட்டுத் திரும்பி என்னைத் தேடினாள். நான் கையை ஆட்டினேன். கண் கலங்கி அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

மூன்றாம் இடம் அவளுக்கு. எனக்குப் பதினோராம் இடம். பதினேழு பேரில் பதினொன்று, நான் யாரிடமும் மறைக்கவில்லை. மேடையில் கூப்பிட்டுப் பதக்கத்தைப் போட்டபோது, அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, மைக்கில் எதுவும் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பட்டறைக்காரர்தான் கீழே நின்று பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் நடுவரே வந்து, அந்த அச்சைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். "தாராளமா வாங்க. அரிமளத்துல எறங்கி லேத்துன்னு கேட்டீங்கன்னா யாரு வேணாலும் காட்டுவாங்க" என்றார் அவர். நடுவர் நாலு குண்டை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஓரகத்திக்கு மதியம் டூட்டி. வீட்டுக்கு வர நேரம் இல்லாததால் நேராக ஆஸ்பத்திரிக்கே போனாள். துப்பாக்கியையும் அவள் சாப்பாட்டுப் பையையும் நான் தூக்கிக்கொண்டு வந்தேன். பதக்கத்தைக் கழற்றிப் பையில் போட மறந்துவிட்டு, யூனிபார்முக்கு மேலேயே அது தொங்க ஊசி போடுகிற அறையில் போய் உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் வந்து அவளே சொன்னாள். முதலில் வந்த ஒரு அம்மா பதக்கத்தைப் பார்த்து எதுக்கு என்று கேட்டிருக்கிறார். துப்பாக்கி சுட்டதற்கு என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த அம்மா சேலையை இழுத்துக் கையைக் காட்டிவிட்டு, "அப்ப நீயே போடு ஆத்தா. குறி தப்பாது" என்றாராம்.